நூறு வந்தால் மணி அடிக்கும்

இரவு இரண்டு பத்துக்கு வார்டிலிருந்து வந்தது
ஊதா மூடிக் குழாயில் இரண்டு மில்லி.
சீட்டில்: நாகவேணி, பெண், வயது 18.
எட்டின் மேல்சுழி மட்டும் வேறு பேனா.
ஊர் அஞ்செட்டிக்கு மேலே. வேலை மாங்கூழ் கம்பெனி.
உள்ளங்கையில் கத்திக்காயம், ஐந்து நாள்.

ஐந்து நாளும் பெங்களூரா அறுத்திருக்கிறாள்,
காயத்தின்மேல் துணி, துணியின்மேல் பாலிதீன் சுற்றி.
சீசனே ஆறு வாரம்தான்.
கிருஷ்ணகிரியில் லாரிகள் ரோட்டோரம் இரவெல்லாம் நிற்கும்.
நின்றால் பழம் அழுகிப்போகும் என்பார் மேஸ்திரி.
கையைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை.
இப்போது ஒரு சிவப்புக் கோடு
மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு ஏறுகிறதாம்.

ஒரு சொட்டு. கண்ணாடி.
இன்னொரு கண்ணாடியின் விளிம்பால் ஒரே இழுப்பு.
லீஷ்மன் சாயம் ஊற்றிக் காத்திருந்தேன்.
ஜன்னலில் சையத் பாஷா மலை
இருட்டைவிடக் கொஞ்சம் கூடுதல் இருட்டாக.

எண்ணெய் ஒரு துளி விட்டு லென்ஸை இறக்கினால்
நெரிசல்.
இவை என்ன செய்யும் என்று டிப்ளமோவில் படித்திருக்கிறேன்:
குழாய்ச் சுவரை உரசி உருண்டு வரும்,
வாசம் பிடித்த இடத்தில் நிற்கும்,
கதவே இல்லாத இடத்தில் உடம்பை நூலாக்கி நுழையும்,
கிருமியைக் கட்டிப்பிடிப்பது போலச் சூழ்ந்து விழுங்கும்.
விழுங்கியதோடு சரி, திரும்பி வருவதில்லை.
வேறு வழியில்லாதபோது
தன் உட்கருவின் இழையையே அவிழ்த்து
வலையாக வீசிவிட்டுச் சாவதும் உண்டு.
ஒருநாள் ஆயுசு, சிலதுக்கு அதுவும் இல்லை.

சாயங்காலம் டாக்டர் கீறி எடுத்த சீழ்
அரைக் கிண்ணம் இருந்தது.
எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள்.
நானும்தான்.

எண்ணும் பெட்டியில் பொத்தான்கள். டக்.
நியூட்ரோஃபில். நியூட்ரோஃபில். நியூட்ரோஃபில்.
ஒரு லிம்ஃபோசைட், பழைய பாக்கியைத் தேடிப் புரட்டும்
கணக்குப்பிள்ளை மாதிரி, அவசரமில்லாமல்.
நியூட்ரோஃபில்.
முப்பத்தேழாவதில் விரல் நின்றது.

உட்கரு மூன்றாக, நான்காகப் பிரிந்திருக்க வேண்டும்.
இது பிரியவில்லை. குதிரை லாடம் போல ஒரே வளைவு.
பக்கத்தில் இன்னொன்று. தள்ளி இரண்டு.
எலும்புக்குள்ளேயே இன்னும் ஒன்றிரண்டு நாள்
இருந்திருக்க வேண்டியவை.
ஆள் பற்றவில்லை என்றால்
மஜ்ஜை இருப்பதை அனுப்பிவிடும்,
பாதி வளர்ந்ததையும்.
இடப்பக்க நகர்வு என்று எழுதுவோம் இதை.
என்னவோ நாற்காலியை நகர்த்திப் போட்டது போல.

சீட்டைத் திருப்பி வைத்தேன்.
பிறகு நிமிர்த்தி வைத்தேன்.

மொத்தம் இருபத்திரண்டாயிரத்து நானூறு.
நூற்றில் இருபத்துமூன்று இளசு.
மணி அடித்தது. வார்டுக்குப் போன் போட்டேன்.
சிஸ்டர் பிரிசில்லா எழுதிக்கொண்டே சொன்னார்:
"முழிச்சுத்தான் இருக்கா. ஒண்ணே ஒண்ணு கேக்கறா,
நாளைக்கு ஷிஃப்டுக்கு அவ இடத்துல
வேற ஆளைப் போட்டுருவாங்களான்னு."

மூன்றாம் இரவும் குழாய் வந்தது.
பதிமூன்றாயிரத்து நூறு. இளசு ஆறு.
வேறு கையெழுத்து; அம்மா பஸ் பிடித்து இறங்கி வந்திருக்க வேண்டும்,
வயது 16 என்றே இருந்தது.
கோடு முழங்கைக்குக் கீழே இறங்கிவிட்டதாம்.
அப்புறம் சீட்டு வரவில்லை.
வீட்டுக்குப் போனாளா, கம்பெனிக்கா,
லேபுக்கு அதெல்லாம் தெரிவிப்பதில்லை.

காலை ஆறு மணிக்கு டீக்கடையில் நிற்கிறேன்.
கம்பெனி வேன் போகிறது,
ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்கியபடி.
பழக்க தோஷம், கட்டைவிரல் தன்னால் அசைந்தது.
பதினொன்று வரைதான் எண்ண முடிந்தது.
ராயக்கோட்டை ரோட்டில் திரும்பிவிட்டது.