நாலு செக்கன்

கிளிநொச்சியில், உரக்கடைக்கு மேலே,
முட்டை மட்டை ஒட்டிய அறைக்குள்
நீலக் கரடி தமிழ் பழகுகிறது.

"ஆமாம்" என்றது. "ஓம்" ஆக்கினேன்.
ஜன்னலை யன்னலாக்கித் திறந்துவிட்டேன்.
பனிமனிதனைப் பனிமனிதனாகவே விட்டேன்,
உருகினால் ஐஸ்பழம் என்று
பிள்ளைகள் விளங்கிக்கொள்வார்கள்.
மயில் அகவும்போதெல்லாம்
றொபின்சன் கையை உயர்த்துவான்.
மீண்டும் முதலிலிருந்து.

பதினெட்டாம் பாகத்தில்
கரடி புல்லுக்குள் இறங்குகிறது.
ஏதோ மினுங்குகிறது.
நாலு தரம் வாய் திறந்து மூடுகிறது:
எ – டுத் – துப் – பார்.
அளவெடுத்துத் தைத்த சட்டைபோல அந்தச் சொல்.

கலைமதி ஹெட்போனைக் கழற்றிவைத்தாள்.
"இதை நான் சொல்லமாட்டன் அக்கா."
மெனிக் பாம் கூடாரத்தில் "அ" எழுதியவள்.
அதற்கு முதலே
சிவப்புப் பலகையின் மண்டையோட்டை
வாசிக்கப் பழகியவள்.

கடிதம் போட்டேன். அன்பாகப் பதில் வந்தது:
இப்பாகத்தின் நோக்கம் ஆர்வத்தைத் தூண்டுதல்.
படத்தை வெட்ட இயலாது.
வசனம் உங்கள் விருப்பம்.

"தொடாதை" என்று போடலாம்.
ஒரு அசை குறையும். அது பரவாயில்லை,
ஆனால் கரடியின் கை எடுத்துவிடுமே.
அதோடு, சண்டை முடிந்து பிறந்த பிள்ளைகள்;
எங்கள் பயத்தையும்
நான்தான் மொழிபெயர்க்க வேணுமா?
மூன்று நாள் அந்த வரியிலேயே கிடந்தேன்.

"வெறுமையா விடுங்கோ" என்றான் றொபின்சன்.
நாலு செக்கன்.
புல் அசையும் சத்தம் மட்டும்.

முத்தையன்கட்டு முன்பள்ளியில்
கட்டில் விரிப்பைத் திரையாகக் கட்டி
முதற் காட்சி.
கரடி குனிந்தது. வாய் திறந்தது, குரல் வரவில்லை.

"தொடாதை!"

யார் முதலில் என்று தெரியவில்லை.
பிறகு பாய் முழுக்க அதே சத்தம்,
ஒருத்தி எழும்பி ஓடிப்போய்
விரிப்பில் கரடியின் கையைப் பிடித்திழுத்தாள்.

கரடி கேட்கவில்லை. எடுத்தது.

கரண்டி.

அதன் குழியில் தன் முகம்
தலைகீழாய்த் தெரியச் சிரித்தது.
பிள்ளைகளும் சிரிக்க வேண்டிய இடம்,
மூலப்பிரதியில் அப்படித்தான் குறித்திருக்கிறது.

கபிசன் கேட்டான்,
"ஆற்றை கரண்டி அது?"

தாள்களைப் புரட்டினேன். எங்கும் இல்லை.
ஆசிரியை என்னைப் பார்த்தார்.
நான் றொபின்சனைப் பார்த்தேன்.

பின்சுவரோரம், வயர்களுக்கு நடுவில் இருந்து,
கலைமதி, கரடியின் குரலில்:

"கேட்டுப் பாப்பம்."