பதினோரு கிராம்

குன்னூரிலிருந்து மாற்றலாகி வந்தபோது
லாரியில் பீரோவுக்கும் கிரைண்டருக்கும் நடுவே
ஈரச்சாக்கு சுற்றிக்கொண்டு வந்தது கமேலியா.
நர்சரியில் மூன்று ரகம் இருந்தன:
அடுக்கு வெள்ளை, ஒற்றைச் சிவப்பு,
யாரோ தூரிகையை உதறினாற்போல் கோடு விழுந்த ரோஸ்.
எதை வாங்கினேன் என்று எழுதிக் கட்டிய சீட்டு
திருச்சி தாண்டுவதற்குள் மழையில் கரைந்துவிட்டது.

மன்னார்குடியில் அதற்கு எதுவும் பிடிக்கவில்லை.
போர்த் தண்ணீர் பிடிக்கவில்லை, மொட்டைமாடி பிடிக்கவில்லை.
இலை மட்டும் எண்ணெய் தடவினாற்போல் மின்ன
மூன்று மாசி மொட்டு வைத்து
மூன்று மாசியும் மொட்டாகவே உதிர்த்தது.
பிளந்து பார்த்தால் பழுப்பு.
எந்த நிறம் அழுகி அந்தப் பழுப்பு ஆனதோ.

கீழ்வீட்டுத் தையல்நாயகி கேட்டாள்:
"வாசம் உண்டா?"
இல்லை.
"தொடுக்க வருமா?"
வராது.
"அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?"
அவள் செம்பருத்தி
காலையில் விரிந்து, மாலையில் குடையை மடக்கிக்கொண்டு
தினமும் விழுகிறது, யாரும் கேட்காமலே.

புளிப்பு மண் வேண்டுமாம் இதற்கு.
பந்தலடி டீக்கடை பதுருதீன்
வடித்த தூளை ஐஸ்கிரீம் டப்பாவில் சேர்த்துத் தந்தார்.
தேயிலையும் இதுவும் ஒரே குடும்பம் என்றேன்.
ஆற்றிய டீயை அந்தரத்தில் நிறுத்திச் சொன்னார்:
"அப்ப பங்காளியைக் காய்ச்சி ஊத்துறீங்க."

இந்த வருஷம்
பாமணி வற்றி, உளுந்து காய் பிடிக்கும் நேரம்,
ஸ்டேஷன் ரோட்டுப் புங்கமரம் பொரி கொட்டத் தொடங்கிய வாரம்
ஒரு மொட்டு விழவில்லை.
வியாழன் விழவில்லை. வெள்ளி விழவில்லை.
சனி காலை பல்துலக்கும் பிரஷோடு நின்றேன்.
சிவப்பு.
கோடில்லாத, அடுக்கில்லாத சிவப்பு,
நடுவில் மஞ்சளாய் ஒரு மகரந்தக் கட்டு.
வெள்ளை என்று நினைத்தே
நான்கு வருஷம் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.
தையல்நாயகி எட்டிப் பார்த்து
"நம்ம செம்பருத்தி மாதிரியே இருக்கே" என்று ஆறுதல் சொன்னாள்.

செவ்வாய் விழுந்தது.
இதழ் இதழாக அல்ல. தலையோடு, முகம் மேலே பார்க்க.
டிபன் மூடியில் வைத்து தபாலாபீஸ் கொண்டுபோனேன்.
கவுண்டர் திறக்க ஐந்து நிமிடம் இருந்தது.
தராசில் வைத்தேன்.
பதினோரு கிராம்.
பின்கோடு கேட்டது திரை.

குன்னூரின் ஆறு எண்ணும் விரலுக்குத் தெரியும்.
அடித்தேன். கட்டணம் காட்டியது.
கதவைத் தள்ளிக்கொண்டு முதல் ஆள் வந்தார்.
ரத்து செய்தேன்.
தட்டில் மகரந்தம் மஞ்சளாய் ஒட்டியிருந்தது,
துடைப்பதற்குள் அதன்மேலேயே வைத்துவிட்டார்
ஷார்ஜாவுக்கு ஒரு கவரை.