இழப்பு 0.02

சிலிம் ரிவருக்கு வெளியே
செம்பனை ஆலைக்குத் திரும்பும் முனையில்
கால்வாய் தோண்ட வந்த மண்வாரி
மாலை ஆறு இருபதுக்கு
பாதி ஊரின் பேச்சை ஒரே கடியில் தின்றுவிட்டது.

ஓட்டியவன் எனக்குக் கைவிளக்குப் பிடிக்கிறான்.
"வேருன்னு நெனச்சேன்க்கா."
வேர்தான் என்றேன்.

நாற்பத்தெட்டு இழைகள்.
நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று சட்டை போட்ட
கண்ணாடி முடிகள்.
சட்டையை உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து,
நுனி நறுக்கி, பெட்டிக்குள்
எதிரெதிரே படுக்க வைத்தால்
ஒரு பொறி.
திரை சொல்லும்: இழப்பு 0.02.
இவ்வளவு குறைவாக நான் எதையும் இழந்ததில்லை.

ஒட்டுக்கடை யுகேந்திரன்
கோப்பி ஓ கொண்டுவந்து குந்துகிறான்.
"உள்ள என்ன ஓடுது? கரண்டா?"
வெளிச்சம்.
"எங்க, காட்டுங்க."
கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்.
ஆனால் உற்றுப் பார்த்தால் கண் போகும்.
பேய்க்கதை என்று சிரிக்கிறான்.

சரி, உன் கைப்பேசியில்
மாலையிலிருந்து சுற்றிக்கொண்டே நிற்கிறதே,
மகளின் பிறந்தநாள் படம்,
அது முழுசாகப் போகாது.
ஆயிரம் துண்டாகும்.
ஒவ்வொன்றின் நெற்றியிலும்
எங்கிருந்து, எங்கே, எத்தனையாவது.
மெழுகுவர்த்தி ஒன்றில், கேக்கின் ஓரம் ஒன்றில்,
பிள்ளையின் இடது கண் இரண்டாகப் பிரிந்து
தஞ்சோங் மாலிம், கோலாலம்பூர்,
ஜொகூர் நீரிணை தாண்டி
சிங்கப்பூரின் குளிர் அறையொன்றில் மூச்சு வாங்கி,
வந்த வழியிலோ வேறு வழியிலோ திரும்பி
எதிர் வரிசை வீட்டில்
உன் மச்சினன் கையில் ஒன்றுசேரும்.
நீ ஒரு ரொட்டியைப் புரட்டிப் போடுவதற்குள்.

நடுவில் நிற்கும் எந்தப் பெட்டிக்கும்
முழு வழி தெரியாது.
ஆலையின் எடைமேடைக் கிராணி மாதிரி
எண்ணைப் பார்க்கும், அந்தப் பக்கம் என்று கை காட்டும்.
குலை எந்தத் தோட்டத்தில் பழுத்தது என்று கேட்காது.
நெரிசல் மிஞ்சினால்
சொல்லாமல் கொள்ளாமல்
ஒன்றிரண்டைக் கீழே போட்டுவிடும்.

"போட்டுடுமா?"

போட்டுவிடும். யாரும் தேடிப் போவதில்லை.
அந்த முனை எண்ணிப் பார்க்கும்:
நானூற்றுப் பதினொன்று வந்தது,
பதின்மூன்றும் வந்தது, பன்னிரண்டு எங்கே?
இந்த முனை
"அனுப்பினேனே" என்று முறைத்துக்கொள்ளாது.
மறுபடி அனுப்பும்.
பதிலில்லையா, ஒரு நொடி பொறுக்கும்.
பிறகு இரண்டு. பிறகு நான்கு. எட்டு.
ஒவ்வொரு மௌனத்துக்கும் இருமடங்கு பொறுமை.

இதைச் சொல்லும்போது
முப்பத்தோராவது இழை
கை நழுவிச் சேற்றில் விழுந்தது.

இந்தக் கேபிளின் வட முனையில், பீடோரில்
டயர் கடை வைத்திருக்கிறான் என் தம்பி ஜெகதீபன்.
அப்பாவின் சேமநிதிப் பணத்தில் முறிந்த பேச்சு.
ஒருமுறை எழுதினேன்.
ஒரே ஒருமுறை.
சாம்பல் நிறத்தில் இரண்டு கோடு விழுந்தது, நீலமாகவில்லை.
என் நெறிமுறை அதோடு முடிந்தது.

இரண்டு நாற்பதுக்குக் கடைசி இழை.
மூடியை முறுக்கிக் குழிக்குள் இறக்கினோம்.
ஆலைக் குடியிருப்பில் ரஃபிக்குலின் அறையிலிருந்து
பாதியில் அறுந்த வங்காளத் தாலாட்டு
அடுத்த அடியிலிருந்து அல்ல,
முதலிலிருந்து தொடங்கியது.
யாருடைய வீட்டிலோ
லோஷினி என்றொரு பெண்ணின் பல்கலைக்கழக விண்ணப்பம்
இன்னொரு தடவை ஏறிக்கொண்டிருக்கலாம்.
எனக்கெப்படித் தெரியும், நான் எடைமேடை.

வேனில் ஏறி
பழைய செய்தியையே
ஓர் எழுத்தும் மாற்றாமல்
அவனுக்கு மறுபடி அனுப்பினேன்.
பதினான்கு மாதம் பொறுத்தாயிற்று.
பதில் வராவிட்டால் அடுத்தது இருபத்தெட்டு.

யுகேந்திரன் கண்ணாடியைத் தட்டுகிறான்.
கேக் போய்ச் சேர்ந்துவிட்டதாம்.