பத்து நிமிட இருட்டு

தெமட்டகொடையில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம்,
டயர் கடைக்கு மேலே எங்கள் அறிவியல் நிலையம்.
சனிக்கிழமை காலை எட்டு எலுமிச்சம்பழங்களைக் கம்பியால் கோத்து
ஒரு குட்டி எல்.ஈ.டி.யை எரிய வைத்த பிள்ளைகள்
இரவு தாய் தகப்பனோடு மொட்டைமாடிக்கு வந்திருக்கிறார்கள்.
விரல்களில் இன்னும் புளிப்பு வாசம்.

என் வேலை சின்னது.
டோர்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிப்
படிகளைக் காட்டுவது. வரிசையைப் பார்ப்பது.
வரிசையில் நிற்க இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்;
காஸுக்கு நின்றோம், பெட்ரோலுக்கு நின்றோம்,
அந்த வருஷம் கரண்ட் போன இரவுகளில்
வானம் மட்டும் தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது.
அப்போது எங்களிடம் தொலைநோக்கி இல்லை.

இப்போது இருக்கிறது. இருட்டுத்தான் இல்லை.
எதிரே நௌஷாட்டின் போன் கடை.
நீலமும் வெள்ளையுமாய் மாறி மாறி அடிக்கும் பலகை
மாடியில் எல்லோர் முகத்தையும் கழுவிக்கொண்டிருந்தது.
தெருவைக் கடந்து போய்க் கேட்டேன்.
"என்னத்துக்கு?"
"சனி தெரியுது."
"சனியா?" சிரித்தார். "யாவாரம் ஏற்கெனவே அப்படித்தான்."
பிறகு சுவிட்சில் கை வைத்தபடி,
"பத்து நிமிஷம்."

பத்து நிமிஷத்துக்கு அறுபது பேர்.
சுபோதினி குழாயைப் பிடித்துக்கொண்டு
இரண்டு பாஷையிலும் ஒரே மூச்சில்,
"தொடாமப் பாருங்கோ, அத தியன்ன எப்பா" என்கிறாள்.
ஒரு பையன் கண்ணை எடுத்துவிட்டுக் குழாயின் வாயை எட்டிப் பார்க்கிறான்:
"மிஸ், உள்ளுக்குள்ள ஸ்டிக்கர் ஒட்டியிருக்கா?"
திரும்பவும் பார்க்கச் சொன்னாள்.
வளையத்தோடு அது ஓரத்துக்கு நகர்ந்து நகர்ந்து
வட்டத்தை விட்டே போனது.
"ஓடுது!"
"அது இல்லை. நாங்கள்."
அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

பிறகு யோகமலர் அக்கா.
மகனுக்கு ஏழரை; இரண்டு வருஷமாய்ச்
சனிக்கிழமை தவறாமல் எள்ளுப் பொட்டலம் முடிந்து விளக்கேற்றுகிறவர்.
கோயிலிலிருந்து நேரே வந்திருக்கிறார், திருநீறு கலையவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் குனிந்தார்,
யாரும் சொல்லவில்லை.
ஒரு கண்ணை மட்டும் மூடத் தெரியாமல் உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.
நேரம் போனது. பின்னால் இருமினார்கள்.
"இதுவா?" என்றார்.
"எள்ளளவு இருக்கு."
கும்பிடப் போன கை பாதியில் நின்று,
சேலைத் தலைப்பை எடுத்துக் கண்வில்லையைத் துடைக்கப் போனது;
சுபோதினி பதறிப்போய்த் தடுத்தாள்.
கொஞ்ச நேரம் கழித்துப் பார்க்கிறேன்,
வரிசையின் கடைசியில் மறுபடியும் அவர், வெறுங்காலோடு.

அவருக்கு முன்னால் மூன்று பேர் இருக்கையில்
கடல் பக்கமிருந்து மேகம் வந்து மூடியது.

பத்து நிமிஷம் எப்போதோ முக்கால் மணியாகியிருந்தது.
பலகை எரியவில்லை. எட்டிப் பார்த்தால்
ஷட்டரை இழுத்துவிட்டு நௌஷாட்டே படியேறி வருகிறார்.
"இன்னும் ஈக்கா அது?"
இருந்தது. மேகத்துக்கு அந்தப் பக்கம்.
என்றாலும் குனிந்து
சாம்பல் நிறத்தைக் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்தார்.

பதிவேட்டில் 'பார்த்தோர் தொகை' என்று ஒரு கட்டம்.
ஐம்பத்தேழு என்று எழுதினேன்.
அவரைச் சேர்க்கவில்லை. பார்க்காததை எழுதக் கூடாது,
அதைத்தானே காலையில் பிள்ளைகளுக்குச் சொன்னோம்.
ஓரத்தில், பென்சிலால்:
இருட்டுத் தந்தவர், ஒருவர்.

மூட்டை கட்டும்போது குழாயின் மூடியைக் காணவில்லை.
சிவப்பு வெளிச்சத்தில் கறுப்பு மூடியைத் தேடிக்
கதிரைகளுக்கு அடியில் எல்லாம் தவழ்ந்தோம்.
நௌஷாட் இறங்கிப் போய் ஷட்டரைத் தூக்கிப்
பலகையைப் போட்டார்.
நீலம். வெள்ளை. நீலம்.
யோகமலர் அக்காவின் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தது மூடி.
செருப்பு இன்னும் அங்கேதான் இருந்தது.