இருபத்து நான்கு சொற்கள்

ஆப்பிள் அடுக்கிய குளிர்கிடங்கில்தான்
ஆர்லோ க்விஸ்ட் எந்திரங்களை அடுக்கினான்.
கொலம்பியா ஆற்று மின்சாரம் மலிவு.
ஆயிரத்து நூறு விசிறிகள் இரவும் பகலும்.
வெனாச்சி முழுக்க வெளுத்துக் கிடக்கும் ஜனவரியில்
எங்கள் கூரையில் மட்டும் பனி தங்காது.

நான் கணக்கெழுதினேன்.
வரித்துறைக்கு ஒரு புத்தகம். அதில் எப்போதும் நஷ்டம்.
இன்னொன்று புத்தகமே இல்லை,
அவன் சட்டைப்பையில் கட்டைவிரல் நீளத்தில் ஒரு கருவி.
அது தொலைந்தால் காசை மீட்கும் சொற்களை
ஆப்பிள் வெண்ணெய் செய்முறை அட்டையின் பின்புறம் எழுதி
அலுவலக ஃப்ரிட்ஜில் காந்தத்தால் ஒட்டியிருந்தான்,
எழுத்துப் பக்கம் உள்ளே இருக்க.
அட்டை அடிக்கடி விழும். நான்தான் எடுத்து ஒட்டுவேன்.
ஏணி, நரி, அக்டோபர், ஈரம், ஆணி...
காபிக்குப் பால் எடுக்கப் போய்ப் போய்
மனப்பாடம் ஆகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுச் செருப்போடு,
எல்லாவற்றையும் என் பெயருக்கு மாற்றியிருக்கலாம்.
நூற்றுக்கு நூறு.
நான் படிவம் நிரப்பினேன்.
வசூலாகும் தொகையில்
பதினைந்திலிருந்து முப்பது சதவீதம்.
நேர்மைக்கு இவ்வளவு கழிவா என்று
நள்ளிரவில் சிரிப்பு வந்தது.
நேர்மை என்றா சொன்னேன்? அடித்துவிடுங்கள்.
வீட்டுக்கடன் பாக்கி இருந்தது.
ஒன்பது வருட வேலைக்குப் போனஸாக வந்த
ஹாம் டப்பாவும் இருந்தது.

டெட்டுக்கு இதய ஆபரேஷன் ஆனபோது
மூன்று வாரம் சம்பளத்தோடு விட்டவனும் அவன்தான்.
அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

வந்தார்கள், சாம்பல் நிற வேனில், நாலு பேர்.
ஒருத்தி மிக மரியாதையாக
என் பெயரைக் கூடக் கேட்டாள், தெரியாதவள் போல.
விசிறிகள் ஒவ்வொரு வரிசையாக நின்றன.
அன்றிரவு கூரையில் பனி தங்கியது.

காட்டிக்கொடுத்தவள் என்கிறது ஊர்.
காட்டினேன்.
கொடுக்க வேண்டியவர்கள்
ஆறு வருடமாகக் கடிதம் போடுகிறார்கள்:
தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.
வந்தால் அதற்கும் வரி உண்டாம்.
பிடிக்கட்டும். யாராவது
அதையும் ஒளிக்காமல் எழுதத்தானே வேண்டும்.

அந்தச் சொற்களால் இப்போது திறப்பதற்கு ஒன்றுமில்லை.
உள்ளே இருந்ததை அரசாங்கம் அள்ளிப் போயாயிற்று.
இருந்தும் தூக்கம் வராவிட்டால்
ஏணியில் தொடங்குவேன்.
நேற்று பதினேழாவது வரவில்லை.
எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்து
அந்த வெளிச்சத்தில்
கொஞ்ச நேரம் நின்றேன்.