பதினான்காம் கல்

நவம்பர் இரவு. வடமேற்குக் காற்று.
வாடன் கடல் அணைக்கரையின் தோளுக்கு வந்துவிட்டது.
ஃப்ரீஸ்லாந்தில் நாங்கள்
கடலைவிடத் தாழ்ந்த கட்டில்களில் தூங்குகிறவர்கள்;
யாராவது சிலர் முறைவைத்து விழிக்க வேண்டும்.
பதினான்காம் கல்லிலிருந்து பதினாறாம் கல்வரை
ஹெட்சரும் நானும்
என்றது பட்டியல்.

ஹெட்சருக்கு எழுபது பசுக்கள்.
ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேளை தேவாலயம்,
அன்றைக்குத் துணிகூட வெளியே காயப்போடாத வீடு.
நான் தபால்காரி.
பத்தொன்பது வயதில் ஒரு திங்கட்கிழமை
இனிமேல் வரமாட்டேன் என்று அப்பாவிடம் சொன்னவள்.
அவர் சூப்பைக் குடித்து முடித்துவிட்டுத்தான் அழுதார்.

ஹெட்சரின் டார்ச்சில் பேட்டரி தீர்ந்திருந்தது.
என்னுடையது எரிந்தது.
(இதில் உவமை தேட வேண்டாம்.
பேட்டரி தீர்ந்திருந்தது, அவ்வளவுதான்.)

ஆடுகள் கரையின் உள்சரிவில்
மழைக்கு முதுகு காட்டிப் படுத்திருந்தன.
அவற்றைத் தாண்டி, புல் முடிகிற இடத்தில்
ஹெட்சர் மண்டியிட்டார்.
இங்கேயுமா என்று நினைத்தேன்.
அவர் கையைக் குழித்து
தரையிலிருந்து ஊறிய நீரை அள்ளி
வெளிச்சத்துக்கு நீட்டினார்:
"தெளிவாக வந்தால் வெறும் கசிவு.
கலங்கி வந்தால்
கரை உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கிறது."
நீர் வடிந்த பிறகும்
உள்ளங்கைக் கோடுகளில் மணல் நின்றது.

ஆட்கள் வந்தார்கள், டிராக்டர் வந்தது, மூட்டைகள் வந்தன.
ஊற்றின் வாயை அடைக்கப் போனவனை ஹெட்சர் தடுத்தார்.
அடைத்தால் வேறெங்காவது பிய்த்துக்கொள்ளும்.
சுற்றிக் கட்டு. கிணறு மாதிரி.
நீர் அதற்குள் ஏறட்டும்,
ஏறித் தன் கனத்தாலேயே தன்னை நிறுத்தட்டும்.

நான் மூட்டைகளை எண்ணினேன். அவர் சங்கீதம் பாடினார்,
பாதி மூச்சு, பாதி பாட்டு.
அறுபதுக்கு மேல் எண்ணிக்கை தவறி
நானும் பாடிக்கொண்டிருந்தேன்.
நம்பிக்கையினால் அல்ல.
தூக்கவும் இறக்கவும் அந்த மெட்டு வாகாக இருந்தது.

நாலரைக்குக் கடல் இறங்கியது.
வளையத்துக்குள் நீர்
குடிக்கலாம் போலத் தெளிந்து நின்றது.

ஹெட்சர் தொப்பியைக் கழற்றினார்.
பத்து விநாடி.
மாட்டிக்கொண்டார்.
போய்ச் சேர்ந்துவிட்டது அவருடையது.

எனக்கும் இருந்தது, அதே எடையில்,
விலா எலும்புக்குக் கீழே.
யாரிடம் கொடுக்க?
காற்றுக்கா? அதுதானே கொண்டுவந்தது.
நிலாவுக்கா? ஏற்றியதும் இறக்கியதும் அதன் ஒரே கை.
விலாசமில்லாத பொட்டலங்கள் எங்கள் அலுவலகத்தில்
ஓர் அலமாரியில் சில மாதம் கிடக்கும்;
பிறகு யாரோ கத்தரியோடு வருவார்.

"ஹெட்சர், அந்த வீட்டில் யாருமே இல்லை என்றால்?"

காபியை ஊற்றிக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை.
"நடுராத்திரியில் வந்தாயே யித்ஸ்கே, உன்னை யார் அனுப்பியது?"
"பட்டியலில் பேர் இருந்தது."
"ம்."
ஒரு மிடறு குடித்தார்.
"சில ராத்திரி எனக்கும் பட்டியல் மட்டும்தான்."

அவர் மனைவி இறந்த குளிர்காலத்தில்
நாற்பத்தொரு அனுதாப அட்டைகள் கொண்டுபோனவள் நான்.
எல்லாமே தேவசித்தம் பற்றித்தான் இருந்திருக்கும்.
ஒன்றைக்கூடப் பிரிக்காமல்
பால் கொட்டகைச் சன்னலில் அடுக்கியிருந்தார்.
கன்றுகள் வெளியே போகும் பருவம்வரை
அப்படியே இருந்தன.
ஞாயிறு மட்டும் தவறாமல் போய்வந்தார்.

அதற்கு மேல் பேசவில்லை.
பிளாஸ்க்கின் ஒரே மூடியில்
மாற்றி மாற்றிக் குடித்தோம்.

காலையில், கரைக்குப் பின்னால், அதே தெரு.
ஒன்பதாம் எண் வீட்டு ஆல்ட்யே
நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு
தபால் ஏன் தாமதம் என்று கேட்டாள்.
மின்சாரக் கட்டணச் சீட்டை நீட்டினேன்.
அவள் பிடித்த பிறகும்
என் விரல்கள் ஒரு நொடி அதை விடவில்லை.
"என்ன?" என்றாள்.
ஒன்றுமில்லை.

பதினொன்றாம் எண்ணில் நாய் குரைத்தது.
அதற்கும் கொஞ்சம் கொடுத்தேன்.