ஃபாச்சிக்குக் கிழக்கே

நான்கு டயரிலும் காற்றை இறக்கினேன்.
பாதிக்கும் கீழே.
தட்டையான டயர்தான் மணலில் ஒட்டகப் பாதம்.
காற்றடிக்கும் பம்ப் அகதெஸிலேயே செத்துவிட்டதை
ஃபல்மாதாவிடம் சொல்லவில்லை.
அவள் கேட்கவும் இல்லை.
மடியில் அந்த நீலப் பெட்டி.
பின்னால் இடம் இருந்தது,
பின்னால் வெயில் அதிகம் என்றாள்.
உள்ளே பில்மாவின் நானூறு பிள்ளைகளுக்குத்
தட்டம்மை மருந்து. சுற்றிலும் ஐஸ் பைகள்.

இங்கே வழி என்று ஒன்று கிடையாது.
நேற்றைய லாரியின் தடத்தை இன்றைய காற்று தின்றிருக்கும்.
இரும்புக் கம்பம் ஒன்று,
அப்புறம் கண் வலிக்கும் வரை ஒன்றுமில்லை,
அப்புறம் இன்னொரு கம்பம், சாய்ந்து.
மணல்மேடுகள் படுத்திருக்கும் திசையிலேயே போனால் சுகம்.
போகிற ஊர் எப்போதும்
சுகமான திசையில் இருப்பதில்லை.

மூன்றாம் நாள் பிற்பகல்
மேட்டின் உச்சியில் வேகம் குறைத்தது என் தப்பு.
அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று பார்க்க ஆசை.
வண்டி வயிறு பதிந்து உட்கார்ந்துவிட்டது.
கையால் தோண்டினோம், இரும்புத் தகடுகளைச் செருகினோம்,
முன்னால் ஓர் அடி, பின்னால் இரண்டு.
ஐந்தாவது முறை எழுந்தது.
எழுந்ததும் மூக்கிலிருந்து ஆவி.

ரேடியேட்டரில் ஊசிக்கண் அளவு ஓட்டை.
சோப்பைச் சீவி, பேரீச்சம்பழத்தை மென்று,
இரண்டையும் பிசைந்து அடைத்தேன்.
ஒழுக்கு நின்றது.
ஒழுகிய தண்ணீர் மணலில் கிடந்த இடம்கூடத் தெரியவில்லை.

தோல்பையில் மிச்சம் இரண்டு வேளைக்கு.
நான் பெட்டியைப் பார்த்தேன்.
நான் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"எட்டுப் பை இருக்கிறது. பாதி உருகியிருக்கும்.
உருகினால் தண்ணீர்தானே?"
"இது தண்ணீர் இல்லை, கூமூர்."
"பின்னே?"
பதில் இல்லை.
தன் பாட்டிலைத் திறந்தாள்,
ஒரு மிடறுகூடக் குடிக்காமல்
வண்டியின் வாயில் ஊற்றினாள்,
கடகடவென்று, கோபத்தில் ஊற்றுவது மாதிரி.
பிறகு என் தோல்பைக்குக் கை நீட்டினாள்.
கொடுத்தேன்.
நல்ல மனசோடு கொடுத்தேன் என்றால் பொய்.

இரவில் ஓட்டினோம்.
இன்ஜின் சூட்டை இறக்க
ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டேன்.
மே மாத ராத்திரியில், தெனெரேயில், ஹீட்டர்!
அவள் தலைத்துணியை அவிழ்த்துப் பெட்டியைச் சுற்றினாள்,
அதன்மேல் போர்வை,
அதன்மேல் தன் இரண்டு கைகள்.
கால் மணிக்கு ஒருமுறை
சூடுமானியின் முள்ளை விரலால் காட்டுவாள்.
நிறுத்துவேன். வண்டியின் முகத்தைக் காற்றுக்குத் திருப்புவேன்.
ஆறும் வரை பேச்சில்லை,
நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது.
நட்சத்திரங்கள் ஏராளம். அண்ணாந்து பார்க்க மனமில்லை.

ஒருமுறை அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.
என் கை தானாகப் பெட்டியின் கொக்கிக்குப் போனது.
"அந்தக் கை," என்றாள் கண் திறக்காமல்,
"ஸ்டீயரிங்குக்குப் போகட்டும்."

விடிகையில் பில்மா. உப்புக் குழிகளின் செம்மண் வரப்பு.
ஊற்றில் முதல் வாளி வண்டிக்கு,
அடுத்தது எனக்கு.
அவள் இன்னும் குடிக்கவில்லை.
மருந்தகத் தரையில் மண்டியிட்டுக்
குப்பி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து, வா, பார், என்றாள்.
லேபிளில் ஊதா வட்டம், நடுவே சின்னச் சதுரம்.
சூடு ஏற ஏறச் சதுரம் கறுக்குமாம்.
வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் மருந்து செத்தது.
"அப்போது இது தண்ணீர்," என்றாள்.
"அப்போது உனக்குத் தந்திருப்பேன்."

சதுரம் வெளுத்துத்தான் இருந்தது.
ரொம்ப இல்லை.
போதுமான அளவுக்கு.

வெளியே ஒரு பிள்ளை
ஊசியைப் பார்ப்பதற்கு முன்பே அழ ஆரம்பித்தது.
அப்போதுதான் ஃபல்மாதா குவளையைத் தூக்கினாள்.
எண்ணினேன், ஏழு மிடறு.
பிறகு
திரும்பும் வழிக்குப் பம்ப் யாரிடம் இருக்கிறதென்று
கேட்கப் போனேன்.